முப்பத்தெட்டுப் படங்களின் வலது ஓரம்

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, திரையில் விரலை வைத்து "இதை நகர்த்து, அதை எடு" என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோன்புரியில் கால்வாய் ஓரமாக இருக்கிற துய் அண்ணனின் அச்சகத்தில் பதினெட்டு வருடமாகக் கணினியில் பக்கம் அமைக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், மருந்துக்கடைக் காலண்டர், ரொட்டிப் பெட்டி என்று எல்லாம் வரும். எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது தகனப் புத்தகம். கொஞ்சம் வசதியானவர் யாராவது போய்விட்டால், தகனத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு புத்தகம் போடுவார்கள். அவருடைய வாழ்க்கை, பிள்ளைகள் எழுதிய நாலு வரி, குடும்பப் படங்கள், கடைசியில் படிக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று மந்திரமோ சமையல் குறிப்போ இருக்கும். தகனத் தேதியைத் தள்ளிப்போட முடியாது என்பதால் என் வேலை எப்போதும் அவசர வேலைதான்.

அந்த வாரம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் பிரீச்சா. பியா ரொட்டிக் கடை பைபூன் முதலாளியின் மூத்த மகன்.

பைபூன் முதலாளியை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பயற்றம்பூரணமும் உப்பு முட்டைக் கருவும் வைத்த பியா ரொட்டி என்றால் அவர் கடைதான். கீழே அடுப்பு, மேலே வீடு. அந்த மேல்வீட்டில் கடைசி முப்பது வருடம் அவரோடு வாழ்ந்தவர் சாரபி அக்கா. கட்டிய மனைவியும் மூன்று பிள்ளைகளும் சந்தைக்கு அந்தப் பக்கம் பெரிய வீட்டில் இருந்தார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். சாரபி அக்கா கல்லாவில் உட்காரமாட்டார், அடுப்படியில்தான் நிற்பார். ரொட்டி வாங்கப் போனால் "சாப்பிட்டியா ஜியப்?" என்று உள்ளிருந்தே ஒரு குரல் வரும்.

ஜூலையில் முதலாளி போய்ச் சேர்ந்தார். உடலை நூறு நாள் விகாரையில் வைத்திருந்து, அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தகனம் என்று முடிவாயிற்று.

புத்தகத்துக்கு முன்னால் பிரீச்சா கொடுத்தது வேறொரு வேலை. ஐம்பதாம் நாளுக்குக் காகித வீடு, காகிதக் கார், காகித வேலைக்காரர்கள் எல்லாம் எரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒட்டுவதற்கு அப்பாவின் பெயரைச் சின்னச் சீட்டுகளாக அச்சடித்துக் கேட்டார்.

"எத்தனை வேணும்ணே?"

"அறுபது போடு. காருக்கு நாலு பக்கமும் ஒட்டணும்."

"காருக்கு நாலா? கார் என்ன தொலைஞ்சா போயிடும்?"

"சிரிக்காதே ஜியப். பேரு இல்லாம எரிச்சா வழியிலயே வேற எவனாவது ஓட்டிட்டுப் போயிடுவான். எரிச்சது அவர்கிட்டப் போய்ச் சேரணும்னா பேரு இருக்கணும்." அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மனிதருக்கு இதில் அப்படியொரு நம்பிக்கை. காகித வேலைக்காரர்களின் முதுகில்கூடத் தன் கையாலேயே ஒட்டினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பிறகு புத்தகம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எண்ணூறு பிரதி. ஒரு அட்டைப்பெட்டி நிறையப் படங்களைக் கடை வண்டியில் அனுப்பியிருந்தார். பெரிய வீட்டில் முதலாளியின் படமே அதிகம் இல்லை. இருபது முப்பது வருடத்துப் படங்களெல்லாம் மேல்வீட்டு அலமாரியில்தான் இருந்தன. கடை ஆளை விட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால், ஹுவாஹின் கடற்கரையில், புத்தாண்டுப் பந்தலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். எதை எடுத்தாலும் முதலாளிக்குப் பக்கத்தில் சாரபி அக்கா.

"இவ வேண்டாம்" என்றார் பின்னால் வந்து நின்ற பிரீச்சா.

"எந்தப் படத்துல?"

"எதுலயும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "என் அம்மா வீல்சேர்ல உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைத் திறக்கப் போறாங்க. முப்பது வருஷம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்கும் சேர்த்துத் தட்டு வெச்சவங்க. இத்தனையும் போதாதுன்னு அவங்க கண்ணுல இவ படணுமா? நீயே சொல்லு."

அந்த அம்மாவை எனக்கும் தெரியும். நான் மௌஸைப் பிடித்துக்கொண்டேன்.

வேலை சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். முதலாளிக்கு வலது காது கேட்காது. அதனால் சாரபி அக்கா எப்போதும் அவருடைய இடப்பக்கமாகவே நிற்பார், அதாவது படத்தில் வலது ஓரத்தில். முப்பத்தெட்டுப் படத்திலும் அதே ஓரம். எங்கள் மென்பொருளில் படம் தனி, படத்தைத் தாங்கும் ஃபிரேம் தனி. கறுப்பு அம்பால் தொட்டால் ஃபிரேம் பிடிபடும், வெள்ளை அம்பால் தொட்டால் உள்ளே இருக்கிற படம் பிடிபடும். கறுப்பு அம்பால் ஃபிரேமைத் தேர்வு செய்து, வலது விளிம்பை உள்ளே தள்ளினால் போதும். படம் அப்படியே இருக்கும், ஜன்னல் மட்டும் சின்னதாகிவிடும். முப்பத்தெட்டு ஜன்னலைத் தள்ளி முடிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. துய் அண்ணன் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கே, முதலாளி தனியா கம்பீரமா இருக்கார்" என்றார். அவர் எந்தப் படத்தையும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் சாரபி அக்காவே வந்தார். கறுப்புச் சட்டை, கையில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ரொட்டி. நான் அவசரமாகத் திரையை வேறு பக்கத்துக்கு மாற்றினேன். மாற்றியது கல்யாண அழைப்பிதழுக்கு. அது இன்னும் கேவலமாக இருந்தது.

"படமெல்லாம் பத்திரமா இருக்காம்மா? திருப்பிக் கொடுப்பாங்கல்ல?"

"நானே கொண்டுவந்து தரேன்க்கா."

அவர் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். ரொட்டியை என் மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் விரலைப் பிசைந்துகொண்டிருந்தார். அறுபது வயதுப் பெண்மணி பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை.

"சொல்லுங்கக்கா."

"என்னை எடுக்கச் சொல்லியிருப்பாங்கன்னு தெரியும். தப்புன்னு சொல்ல வரலை. அந்தம்மாவுக்கு நான் செஞ்சது எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணே ஒண்ணு, ஜியப். ஏதாவது ஒரு படத்துல, ஒரு மூலையில, என்னை விட்டுவை. பேரு போட வேண்டாம். முகம் தெரியலைன்னாலும் சரி. அவரோட புத்தகத்துல நான் இருந்தேன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

எனக்கு யோசிக்கிற பழக்கம் கம்மி. "விட்டுவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி செய்யவும் செய்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அடுப்படிப் படம் ஒன்று. பெரிய ரொட்டித் தட்டின் ஒரு முனையை முதலாளி பிடித்திருப்பார், மறுமுனையை அக்கா. ஆவியில் அவர் முகம் பாதி மறைந்திருக்கும். அந்த ஃபிரேமின் விளிம்பை வெளியே இழுத்து அவரை உள்ளே விட்டேன். தெரியாதவர்களுக்கு யாரோ வேலைக்காரி என்றுதான் தோன்றும்.

புதன்கிழமை பிரீச்சா கடைசியாகச் சரிபார்க்க வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் படுகிறது. கால்வாயில் படகு போகிற சத்தம் வேறு. பக்கத்தைச் சுற்றித் தாமரை வேலைப்பாடு ஒன்று போட்டிருந்தேன். எங்கே தொட்டாலும் அந்தப் பாழாய்ப்போன தாமரைதான் முதலில் பிடிபட்டது. மேலே இருக்கிறதுதானே முதலில் மாட்டும். அதைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் எழுத்துப் பெட்டி மாட்டுகிறது.

"அப்பாவை இன்னும் நடுவுல கொண்டு வா" என்றார், ஹுவாஹின் படத்தைக் காட்டி.

நான் ஃபிரேமை நகர்த்துவதாக நினைத்துக்கொண்டு இழுத்தேன். கையில் இருந்தது வெள்ளை அம்பு! ஃபிரேம் அசையவில்லை, உள்ளே இருந்த படம் வழுக்கிக்கொண்டு போனது. முதலாளி இடப்பக்கமாக நகர்ந்து மறைந்துபோனார். அவர் இருந்த இடத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு, சாரபி அக்கா வந்து நின்றார்.

"ஏய்! ஏய்! என்னது இது?"

"கை தவறிடுச்சுண்ணே, இதோ."

"வெட்டி எடுத்தாச்சுன்னு சொன்னியே. எங்கிருந்து வந்தா?"

"வெட்டலைண்ணே. மறைச்சிருக்கு, அவ்வளவுதான். படம் முழுசா உள்ளேயே இருக்கும்."

"அப்போ எல்லாத்துலயும் உள்ளதான் இருக்காளா?"

"இருக்காங்க. அச்சுல வராது."

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு பக்கத்தையும் அவசரமாகப் பார்க்கவில்லை. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் அவர் விரல் ஆவியின் மேல் வந்து நின்றது.

"இது யாரு?"

"யாரோ அடுப்படி ஆளுண்ணே. ஆவி மறைக்குது."

"ஜியப்." குரல் உயரவில்லை. "என் அப்பா முப்பது வருஷமா யார்கூடத் தட்டுத் தூக்கினார்னு எனக்குத் தெரியாதா? தள்ளு."

துய் அண்ணன் வாசலிலிருந்து கண்ணால் கெஞ்சினார். பியா ரொட்டிப் பெட்டிகள் எல்லாம் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகின்றன. நான் தள்ளினேன். தட்டு படத்தின் விளிம்பு வரைக்கும் போய் நின்றது. மறுமுனையை யார் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் முதலாளி அந்தரத்தில் தட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோப்பு அச்சுக்குப் போய்விட்டது. பத்து மணிக்கு என் கைபேசி அடித்தது.

"எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார் சாரபி அக்கா. குரலில் அத்தனை ஆசை. "புத்தகம் கையில வந்ததும் தேடிட்டு நிக்கக் கூடாது பாரு. ஆளுங்க பார்ப்பாங்க."

உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நாப்பத்தொண்ணு" என்றேன். பொய் தானாக வாயில் வந்து விழுந்தது. "நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு" என்று அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வைத்தார்.

வைத்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தேநீர் போட்டுக் குடிக்காமல் வைத்தேன். துய் அண்ணன் "உனக்கு என்னடி, செருப்புல எறும்பா?" என்று கேட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம் அவர். என் மேலேயே எனக்கு ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சாரபி அக்கா நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறப்பார். அங்கே வெறும் தட்டு இருக்கும். அப்போது என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

துய் அண்ணன் மத்தியானம் சாப்பிடப் போனதும் கோப்பை மறுபடி திறந்தேன். ஒரே ஒரு பிரதி. எங்களிடம் சின்ன டிஜிட்டல் இயந்திரம் இருக்கிறது, பசை போட்டுக் கட்டும் கருவியும் இருக்கிறது. அட்டை ஏற்கெனவே அச்சாகி மீதி கிடந்தது. முதலாளியின் பெயர் அதில் தங்க எழுத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. குடும்பப் படப் பக்கங்களுக்குப் போனேன். கறுப்பு அம்பைத்தான் எடுத்திருக்கிறேனா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். ஃபிரேம்களை ஒவ்வொன்றாகத் தேர்வு செய்து, ஃபிரேமைப் படத்தின் அளவுக்கு விரி என்ற கட்டளையைக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் திறந்தது, ஓரத்திலிருந்து சாரபி அக்கா வந்தார். கடற்கரையில் வந்தார். பந்தலில் வந்தார். ஆஸ்பத்திரியில் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பக்க அழகெல்லாம் நாசம். எழுத்தின் மேல் படம் ஏறியது, தாமரை வேலைப்பாட்டுக்கு வெளியே கால் நீண்டது. ஐம்பதாம் பக்கத்தில் ஒரு படம் விரிந்து, பெரிய வீட்டம்மாவின் நீள்வட்டப் படத்துக்கு அடியில் பாதி போய் மாட்டிக்கொண்டது. மேலே கொண்டுவந்திருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டேன். அந்தம்மா மேலேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. கால்வாய்ச் சாலையில் முழங்கால் தண்ணீர். எண்ணூறு புத்தகத்தை ஏற்றிய வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நான் வாடகை மோட்டார்சைக்கிளில், அந்தப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விகாரைக்குப் போய்ச் சேர்ந்தேன். சடங்கு தொடங்குவதற்குள் சாரபி அக்காவைத் தனியாகப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

பந்தலில் கறுப்புச் சட்டைக் கூட்டம். முன்வரிசையில் வீல்சேரில் பெரிய வீட்டம்மா. கடைசி வரிசையில், அடுப்படிப் பெண்களுக்கு நடுவில், சாரபி அக்கா. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து அவரிடம் போய்க்கொண்டிருந்தேன். இன்னும் பத்தடி இருந்தால் அதிகம்.

"வண்டி எங்க? எங்க வண்டி?" என்று பிரீச்சா துய் அண்ணனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "மணி மூணரை. நான் எழுந்து அப்பா வாழ்க்கையைப் படிக்கணும். எதைப் பார்த்துப் படிக்க? ஒரு காப்பி, ஒரே ஒரு காப்பி இல்லையா உங்ககிட்ட?"

துய் அண்ணன் திருதிருவென்று விழித்தார். பிறகு அவர் கண் என் நெஞ்சில் இருந்த பிளாஸ்டிக் உறையில் விழுந்தது. அதற்குள் தங்க எழுத்து மின்னியது.

"ஜியப் கையில ஒண்ணு இருக்கே!" என்றார் அந்தப் புண்ணியவான், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

"இல்லண்ணே, இது நனைஞ்ச காப்பி, இது சும்மா" என்று நான் உளறி முடிப்பதற்குள் புத்தகம் பிரீச்சாவின் கைக்குப் போய்விட்டது. அவர் நேராக ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றார். நான் இருந்த இடத்திலேயே, யாருடையது என்று தெரியாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் படித்தார். முதலாளி சீனத் துறைமுகம் ஸ்வாதோவிலிருந்து வந்த அப்பாவுக்குப் பிறந்தது, தள்ளுவண்டியில் ரொட்டி விற்றது, அடுப்புக் கட்டியது. ஐந்தாம் பக்கம், ஆறாம் பக்கம். படங்கள் முப்பத்திரண்டாம் பக்கத்திலிருந்துதான். ஒன்பதாம் பக்கத்தில் அவர் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்து முடித்து, புத்தகத்தை மூடினார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"பிரீச்சா, இங்க கொண்டா" என்றார் வீல்சேரிலிருந்து அவர் அம்மா. "படம் பார்க்கணும். எல்லாரையும் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேம்மா. பாருங்க." அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தானே புத்தகத்தை நடுவில் திறந்தார்.

அவருடைய முதுகு விறைத்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொன்று. பிறகு தலையைத் தூக்கி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"காட்டுடா" என்று அம்மா கை நீட்டினார்.

அவர் பட்டென்று மூடினார். ஒரு விநாடி தடுமாறினார். "இது அப்பாவுக்கும்மா" என்றார், சத்தமாக. "இது அப்பாவோட காப்பி. உங்களுது வண்டியில வருது."

"அவருக்கு ஒண்ணா? நல்லது, நல்லது. அவர்கூடவே அனுப்பு" என்றார் அம்மா. பக்கத்தில் இருந்த அத்தைகளும் தலையாட்டினார்கள். சொன்ன சொல்லை இனி மாற்ற முடியாது.

எல்லாரும் தகன மேடைப் படியேறி, சவப்பெட்டியடியில் மரச்சீவலால் செய்த பூ வைத்தோம். கூட்டம் இறங்கிய பிறகு குடும்பத்துக்காக மட்டும் பெட்டியைத் திறந்து, இளநீர் ஊற்றி முதலாளியின் முகத்தைக் கழுவினார்கள். நான் படியோரத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிரீச்சா அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பூவை விலக்கி, அப்பாவின் நெஞ்சுக்குப் பக்கத்தில், ஆழமாகச் செருகினார். மேலே பூவை அள்ளிப் போட்டு மூடினார். ஒரு துண்டுகூட மிஞ்சக் கூடாது என்கிற வேகம் அந்தக் கையில் இருந்தது. உலைக் கதவு மூடியது.

இறங்கி வரும்போது என் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். "அந்தக் கோப்பை அழி" என்றார். அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. ஆளுக்கொரு புத்தகம் கை மாறியது. சாரபி அக்காவும் வரிசையில் நின்று, குனிந்து கும்பிட்டு, ஒன்று வாங்கிக்கொண்டார். தள்ளிப்போய் மகிழமரத்தடியில் நின்று திறந்தார். தேடவே இல்லை, நேராக நாற்பத்தொன்று. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, அவர் விரல் ரொட்டித் தட்டின் மேல் மெல்ல நகர்ந்து, படத்தின் விளிம்பைத் தாண்டி, வெள்ளைக் காகிதத்தில் நின்றிருந்தது.

"இங்கதான் நின்னேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பொய் சொல்லிட்டேன்க்கா. எடுக்க வெச்சுட்டாங்க. அதுக்குத்தான் உங்களுக்குன்னு தனியா ஒண்ணு போட்டேன். எல்லா ஃபிரேமையும் திறந்துவிட்டுப் போட்டேன். கையில கொண்டுவந்தேன், உங்களுக்குப் பத்தடி முன்னால பிடுங்கிட்டாங்க. அதைப் போய்ப் பெட்டியில வெச்சு எரிச்சுட்டார்."

"எதை?"

"பிரீச்சா அண்ணன் படிச்சாரே, அதுதான். 'இது அப்பாவுக்கு'ன்னாரே, அதேதான்."

சாரபி அக்கா என்னையே பார்த்தார். "அதுல நான் இருந்தேனா?"

"இருந்தீங்க."

"இந்தத் தட்டுப் படத்துலயா?"

"எல்லாத்துலயும்க்கா. முப்பத்தெட்டுலயும். கோப்பை அழிக்கச் சொல்லிட்டார், ஆனா இன்னும் இருக்கு, நான் இன்னொண்ணு போட்டுத் தரேன். நாளைக்கே தரேன்."

அவர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். மழை விட்ட வானத்தில் புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் பிரீச்சா அம்மாவின் மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா சிரித்துக்கொண்டே ஏதோ படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எங்க வடக்குப் பக்கத்துல இந்த எரிக்கிற பழக்கமெல்லாம் இல்ல, ஜியப்" என்றார் சாரபி அக்கா. "அவங்க வீட்டுலதான் அதுல அவ்வளவு நம்பிக்கை. எரிச்சா போய்ச் சேரும், பேரு மட்டும் இருக்கணும்பாங்க." திடீரென்று என் கையைப் பிடித்தார். "பேரு இருந்துச்சா?"

"அட்டையில இருந்துச்சுக்கா. தங்க எழுத்துல. இவ்வளவு பெருசா."

அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அழுதுகொண்டே சிரித்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்துகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், இவர் அந்தப் புத்தகத்தாலேயே பொத்திக்கொண்டார்.

"அப்போ எனக்கு இன்னொண்ணு வேண்டாம்மா. கோப்பை அழிச்சிடு, அந்தப் பிள்ளை சொன்னபடியே அழிச்சிடு. அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருக்கு எழுத்துப் படிக்கப் பொறுமையே கிடையாது. எடுத்ததும் படத்தைத்தான் பார்ப்பார்."

புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுப்படிப் பெண்களை நோக்கி நடந்தார். நாலடி போய்த் திரும்பினார்.

"சாப்பிட்டியா நீ?"